இருபதாம் எண் கட்டடம்

மலர்க் குழுவினர் என்னிடம், "சார், நம்ம காலத்து நினைவுகள்ல ஒண்ணு எழுதிக் கொடுங்க" என்றுதான் கேட்டார்கள். நினைவுகள் எழுத இம்மலரில் பலர் இருக்கிறார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றி மட்டுமே மூன்று கட்டுரைகள் வந்திருப்பதாகக் கேள்வி. ஆகவே நான் கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். காரணம், நாம் எல்லோரும் சேர்ந்து நிதி திரட்டிக் கட்டித் தரப்போகும் புதிய அறிவியல் கட்டடம்.

அதன் வரைபடத்தைச் சங்கச் செயலாளர் எனக்குக் காட்டினார். அழகாகத்தான் இருக்கிறது. தரைத்தளம் வேதியியல், முதல் மாடி இயற்பியல், இரண்டாம் மாடி தாவரவியலும் விலங்கியலும், மூன்றாம் மாடி கணிதமும் கணினியும். ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டு முடியும் இடத்தில் ஒரு கம்பிக் கதவு. "இது எதுக்குங்க?" என்று கேட்டேன். "பாதுகாப்புக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. 1974-ல் நான் இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்தபோதும் இப்படி ஒரு கம்பிக் கதவு இருந்தது. எங்கள் லேபுக்கும் கெமிஸ்ட்ரி லேபுக்கும் நடுவே, வராந்தாவில். அதன் பூட்டு திறந்து நான் பார்த்ததில்லை. சாவி யாரிடம் என்பதும் தெரியாது. இறுதியாண்டில் என் வகுப்புத் தோழன் ஒருவன் சிறிய வெற்றிடக் குழாய் ஒன்றைச் சொந்தமாகச் செய்து பார்க்க ஆசைப்பட்டான். நம் லேபில் பம்ப் இல்லை. ஒரு வருடம் அலைந்து விட்டுவிட்டான். பிறகு, பட்டம் வாங்க வந்த அன்று, அந்தக் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வேதியியல் துறை அலமாரியில் ஒரு பம்ப் நல்ல நிலையில் தூங்கிக்கொண்டிருந்தது தெரியவந்தது. "அடப்பாவிகளா, பதினைஞ்சு அடிடா!" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவன் பிறகு வங்கியில் சேர்ந்து நன்றாகவே வாழ்ந்தான். அது வேறு விஷயம்.

எங்கள் காலத்தில் கணக்குப் பையனும் கெமிஸ்ட்ரி பையனும் இயற்பியல் பையனும் உண்மையில் சந்தித்தது சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்து வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில்தான். அந்த பெஞ்சுக்கு யாரும் வரைபடம் போடவில்லை.

இனி சொல்லப்போவது நம் ஊர்க் கதை இல்லை. ஆனால் கட்டடம் கட்டப்போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

ஒரே கூரையின் கீழ்

அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்ற எம்.ஐ.டி. இருக்கிறது. (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, அது 1949-ல் ராஜம் அவர்கள் தொடங்கியது.) அந்த அமெரிக்க எம்.ஐ.டி. முதலில் பாஸ்டன் நகரத்துக்குள் நெருக்கடியான இடத்தில் இருந்தது. 1916-ல் சார்லஸ் ஆற்றைத் தாண்டி கேம்பிரிட்ஜ் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அதற்குப் பெரும் பணம் கொடுத்தவர் தம் பெயரைச் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மிஸ்டர் ஸ்மித்" என்றே பல வருடம் அவரைக் குறிப்பிட்டார்கள். கோடாக் காமிரா ஜார்ஜ் ஈஸ்ட்மன்தான் அந்த ஸ்மித் என்பது 1920-ல்தான் வெளியில் வந்தது. ஒரு டியூப்லைட் கொடுத்தால்கூட அதன்மேல் "உபயம்" எழுதும் நமக்கு இது கொஞ்சம் ஆச்சரியமான செய்தி.

அப்போது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் துறைக்கு ஒரு தனிக் கட்டடம் என்பதே வழக்கம். நடுவில் புல்வெளி, சுற்றிலும் கட்டடங்கள். எம்.ஐ.டி.யின் பழைய மாணவரான ஜான் ஃப்ரீமன் என்ற பொறியாளர் வேறு மாதிரி யோசித்தார். தொழிற்சாலை கட்டுவது போலக் கட்டுங்கள், எல்லாத் துறையும் ஒரே தொடர் கட்டடத்தில் இருக்கட்டும், பனிக்காலத்தில் பிள்ளைகள் வெளியே போகாமலே ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகட்டும் என்றார். கடைசியில் கட்டடத்தை வடிவமைத்தவர் வில்லியம் வெல்ஸ் பாஸ்வொர்த். வெளியே கிரேக்கத் தூண்களும் குவிமாடமும் வைத்தார். உள்ளே ஃப்ரீமனின் யோசனையை ஏற்றுக்கொண்டார். அதன் நடுவே ஓடும் நடைபாதை 825 அடி நீளம். "முடிவில்லா நடைபாதை" என்று பெயர் வந்துவிட்டது. வருடத்தில் இரண்டு தடவை, நவம்பரிலும் ஜனவரியிலும், மறையும் சூரியனின் ஒளி அந்த நடைபாதையின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனை வரை வரும். அதைப் பார்க்க இன்றும் பிள்ளைகள் கூடுகிறார்கள்.

அந்த நடைபாதையின் பயன் வேறு. கணித வகுப்புக்குப் போகிற பையன் வேறு துறையின் லேப் வாசலைக் கடந்தே போக வேண்டும். கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்ப்பான். ஒரு துறை வளர்ந்தால் பக்கத்து அறைக்குப் பரவலாம். துறைக்கு எல்லைச் சுவர் கிடையாது.

போர்க்காலக் கொட்டகை

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இருவர் குழிவறை மாக்னெட்ரான் என்ற சாதனத்தை உருவாக்கினார்கள். உள்ளங்கையில் அடங்கும் அது, சுமார் 10 சென்டிமீட்டர் அலைநீளத்தில் பலமான அலைகளைத் தந்தது. அலைநீளம் குறைந்தால் ஆன்டெனாவும் சிறுக்கும். விமானத்துக்குள்ளேயே ராடாரை வைத்துவிடலாம். அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷ்காரர்கள் அந்த ரகசியத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதை வைத்து ராடார் செய்ய எம்.ஐ.டி.யில் "கதிர்வீச்சு ஆய்வுக்கூடம்" தொடங்கியது. பெயர் வேண்டுமென்றே எதிரியைக் குழப்ப வைத்தது. சில பேரோடு ஆரம்பித்தது போர் முடிவதற்குள் ஏறக்குறைய 4,000 பேராகப் பெருகிவிட்டது. இடம் எங்கே?

1943-ல் அவசரமாக ஒரு கட்டடம் தேவைப்பட்டது. டான் விஸ்டன் என்ற பழைய மாணவர் ஒரே பிற்பகலில் அதற்கு வரைபடம் போட்டுக் கொடுத்தார் என்று சொல்வார்கள். இரும்பு எல்லாம் போருக்குப் போய்விட்டதால் மரச்சட்டங்களில் எழுப்பினார்கள். மூன்று அடுக்கு. ஒரு நீளமான முதுகெலும்பு, அதிலிருந்து சீப்பின் பல் போலப் பக்கக் கட்டடங்கள். இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல் ஒரு மரக்கொட்டகை! நகரத் தீயணைப்பு விதிகளின்படி இது கட்டவே கூடாது. "போர் முடிந்து ஆறு மாதத்தில் இடித்துவிடுவோம்" என்று சொல்லி அனுமதி வாங்கினார்கள். எம்.ஐ.டி.யில் கட்டடங்களுக்குப் பெயரைவிட எண்தான் பழக்கம். இதற்கு எண் 20.

போர் 1945-ல் முடிந்தது. இருபதாம் எண் கட்டடம் இடிபட்டது 1998-ல். "தற்காலிகம்" என்ற சொல்லுக்கு நம் ஊரில் மட்டும்தான் இந்தப் பொருள் என்று நினைத்திருந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, மட்டமான கட்டடம்தான். கோடையில் வேகும். நடந்தால் தரைப்பலகை முனகும். கூரையை ஒட்டிக் குழாய்களும் கம்பிகளும் வெளிப்படையாக ஓடும். வெளிச்சுவரில் கல்நார் ஓடு. இன்றைக்குச் சுகாதாரத் துறை பார்த்தால் மயங்கி விழும். அறை எண்கள் குழப்பமோ குழப்பம். புதிதாக வந்தவர் வழி தவறாமல் போக முடியாது. ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால், வழி தவறினவன் என்ன செய்வான்? எதிரில் திறந்திருக்கிற கதவில் தலையை நீட்டி வழி கேட்பான். கேட்கும்போதே, "இது என்னங்க மெஷின்?" என்றும் கேட்பான்.

போர் முடிந்ததும் சிப்பாய்கள் அரசாங்கச் செலவில் படிக்க வந்து குவிந்தார்கள். இடப்பற்றாக்குறை. அதனால் கொட்டகை தப்பியது. 1946-ல் ராடார் குழுவின் மிச்சத்திலிருந்து மின்னணுவியல் ஆய்வுக்கூடம் அங்கேயே பிறந்தது. பிறகு எங்கும் இடம் கிடைக்காதவர்களை எல்லாம் அங்கே தள்ளினார்கள். அணுக்கரு ஆய்வாளர்கள், ஒலியியல்காரர்கள், மொழியியல்காரர்கள், மின்னொளியில் தோட்டாவைப் படம்பிடித்த ஹெரால்டு எட்ஜர்ட்டனின் குழு, பியானோ பழுது பார்ப்பவர்கள் வரை. எந்த நிர்வாகியும் உட்கார்ந்து திட்டம் போட்டு இவர்களைப் பக்கத்துப் பக்கத்து அறையில் வைத்திருக்க மாட்டார்.

மூன்று சம்பவங்கள் எனக்குப் பிடித்தவை.

ஜெரால்டு ஸக்கரையாஸ் என்ற இயற்பியலாளர் சீசியம் அணுக்களை நீரூற்று மாதிரி மேலே எறிந்து அணுக்கடிகாரம் செய்யப் பார்த்தார். அதற்கு மூன்று மாடி உயரக் குழாய் வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? தளத்தை அறுத்துவிட்டார்கள்! மரத்தளம்தானே. கமிட்டி கூடவில்லை, டெண்டர் விடவில்லை. அந்த நீரூற்றுச் சோதனை அவர் காலத்தில் பலிக்கவில்லை. லேசரால் அணுக்களைக் குளிர வைக்கும் வித்தை வந்த பிறகுதான் அது கைகூடியது. ஆனால் அந்த முயற்சிகளின் வழியே 1956-ல் கடைக்கு வந்த முதல் அணுக்கடிகாரம் பிறந்தது.

இரண்டாவது, அமர் போஸ். வங்காளத்திலிருந்து வெள்ளையர் போலீசுக்குத் தப்பி அமெரிக்கா போன விடுதலைப் போராளி ஒருவரின் மகன். 1956-ல் முனைவர் பட்டத்தை முடிக்கும் தறுவாயில் தனக்குத் தானே பரிசாக ஒரு உயர்ரக ஒலிப்பெருக்கி வாங்கினார். சிறுவயதில் வயலின் படித்த காது. பெட்டியிலிருந்து வந்த வயலின் நாதம் அவருக்குப் பிடிக்கவில்லை. மின்பொறியியல் மாணவருக்கு ஒலியியல் என்ன தெரியும்? ஒலியியல் ஆய்வுக்கூடம் இருபதாம் எண் கட்டடத்திலேயே இருந்தது. இரவில் அங்கே போய் அளந்து பார்க்க ஆரம்பித்தார். 1964-ல் போஸ் கம்பெனி உருவானது. அவர் 2001 வரை எம்.ஐ.டி.யில் பாடமும் நடத்தினார். 2011-ல் கம்பெனிப் பங்குகளில் பெரும்பகுதியை எம்.ஐ.டி.க்கே எழுதிக் கொடுத்துவிட்டார். ஓட்டுரிமை இல்லாத பங்குகள். பழைய மாணவர் சங்கத்து நண்பர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

மூன்றாவதுதான் மாணவர்களுக்கு மிக முக்கியம். விளையாட்டு ரயில் கட்டும் மாணவர் மன்றம் ஒன்றுக்கு அந்தக் கொட்டகையில் ஓர் அறை கிடைத்தது. பேராசிரியர் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மார்க் கிடையாது. மேசைக்கு மேலே சில பையன்கள் மலையும் ஊரும் பாலமும் செய்வார்கள். மேசைக்குக் கீழே வேறு சில பையன்கள் தொலைபேசி நிலையத்து ரிலேக்களை வைத்து ரயிலை ஓட்டும் சுற்றுகளைப் பின்னுவார்கள். கீழே கிடந்த அந்தப் பையன்களுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் டி.எக்ஸ்-0 என்ற கம்ப்யூட்டர் வந்திருப்பது 1950-களின் கடைசியில் தெரியவந்தது. இரவெல்லாம் அங்கேயே கிடந்தார்கள். "ஹேக்கர்" என்ற சொல் கம்ப்யூட்டர் உலகத்துக்குப் போனது இந்தக் கூட்டத்தின் வாயிலிருந்துதான். அப்போது அதற்குத் திருடன் என்ற பொருள் இல்லை, சாமர்த்தியமாக வேலையை முடிப்பவன் என்றுதான் பொருள். 1962-ல் விண்வெளிச் சண்டை என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை எழுதியதும் இதே வட்டாரத்துப் பையன்கள்தான்.

மொழியியல் பக்கம், மோரிஸ் ஹாலி 1951-லும் நோம் சாம்ஸ்கி 1955-லும் வந்து சேர்ந்தார்கள். எதிரே மின்பொறியாளர்கள், கீழே ஒலியியல்காரர்கள். மொழியை எந்திரவியல் கண்ணோடு பார்க்கும் துறை அந்தச் சூழலில் வளர்ந்ததில் அதிசயமில்லை.

அளந்து பார்த்தவர்

இதெல்லாம் அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ராணுவப் பணம் கொட்டியது, நாட்டின் சிறந்த மூளைகள் அங்கே இருந்தன. அதே மாதிரிக் கொட்டகைகள் எத்தனையோ இடத்தில் இருந்து ஒன்றும் விளையாமல் இடிந்திருக்கும். அவற்றைப் பற்றி யார் கட்டுரை எழுதப்போகிறார்கள்?

ஆனால் அதே எம்.ஐ.டி.யில் தாமஸ் ஆலன் என்ற பேராசிரியர் இதை அளந்தே பார்த்தார். பல ஆய்வுக்கூடங்களில் யார் யாரோடு வேலை விஷயமாகப் பேசுகிறார்கள், அவர்கள் மேசைகளுக்கு நடுவே எத்தனை தூரம் என்று கணக்கெடுத்து 1977-ல் புத்தகமாக வெளியிட்டார். தூரம் கூடக்கூடப் பேச்சு சரசரவென்று குறைகிறது. 30 மீட்டரைத் தாண்டினால் வாரம் ஒருமுறை பேசுவதுகூட அரிதாகிவிடுகிறது. இடையில் ஒரு மாடி வந்துவிட்டால் இன்னும் மோசம். பூட்டிய கம்பிக் கதவை அவர் அளக்கவில்லை. தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடம் 1962-ல் திறந்தபோது அதன் தலைவர் மாக்ஸ் பெருட்ஸ் மேல்மாடியில் ஒரு கேன்டீன் வைத்தார். அவர் மனைவி கிசெலாதான் இருபது வருடத்துக்கு மேல் அதை நடத்தினார். காலைக் காபி, மதியச் சாப்பாடு, மாலை டீ; பெரிய விஞ்ஞானியும் நேற்றுச் சேர்ந்த மாணவனும் ஒரே மேசை. கருவிகளும் பொது. அங்கே வேலை செய்தவர்களுக்குப் பத்துக்கும் மேற்பட்ட நோபல் பரிசுகள் வந்தன. அவற்றில் ஒன்று நம் சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-ல் பகிர்ந்துகொண்டது. அவர் அங்கே சேர்ந்தது 1999-ல். பழைய கட்டடம் போதாமல் 2013-ல் புதிதாகக் கட்டினார்கள். அதிலும் கேன்டீன் மேல்மாடியில்தான்.

கொட்டகை போய் மாளிகை வந்தது

1998-ல் இருபதாம் எண் கட்டடத்தை இடிக்குமுன் பழையவர்கள் கூடி விழா எடுத்து விடைகொடுத்தார்கள். அந்த இடத்தில் ஃபிராங்க் கெரி என்ற உலகப்புகழ் கட்டடக்கலைஞர் ஸ்டாட்டா மையத்தைக் கட்டினார். திறந்தது 2004-ல். ரே ஸ்டாட்டா என்ற பழைய மாணவரும் அவர் மனைவியும் இரண்டரைக் கோடி டாலர் கொடுத்திருந்தார்கள். மொத்தச் செலவு ஏறக்குறைய 30 கோடி டாலர். கொட்டகையில் தானாக நடந்ததை இங்கே வேண்டுமென்றே நடத்திக் காட்டுவது நோக்கம். தரைத்தளத்தில் "மாணவர் தெரு" என்று ஒரு வளைந்த பாதை. அதில் வகுப்பறைகள், சாப்பாட்டு இடம், உட்கார்ந்து எழுத மூலை முடுக்குகள்.

வெளியே சுவர்கள் குடித்தவன் மாதிரி சாய்ந்து நிற்கும். கூரை ஒழுகியது, பூஞ்சை பிடித்தது, பனிக்கட்டி சரிந்து விழுந்தது என்று சொல்லி 2007-ல் எம்.ஐ.டி. கட்டடக்கலைஞர் மேலும் கட்டுமானக் கம்பெனி மேலும் வழக்குப் போட்டது. 2010-ல் சமரசமாக முடிந்தது. முப்பது கோடி டாலர் கட்டடத்தில் யாராவது தளத்தை அறுப்பார்களா என்று கேட்டால், மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அழகான சுவரில் ஆணி அடிக்கவே கை நடுங்கும்.

ஆனாலும் மாணவர் தெரு வெற்றிதான். அதே காலத்தில் வந்த இன்னொரு நல்ல காரியம், வட்டமேசை வகுப்பறை. இதன் மூலம் வடக்குக் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பைக்னர் செய்து பார்த்த முறை. 7 அடி விட்டத்தில் வட்டமேசை, ஒன்றுக்கு ஒன்பது மாணவர்கள், மூன்று மூன்று பேராகச் சேர்ந்து கணக்கும் சோதனையும் செய்வார்கள். ஆசிரியர் மேசை மேசையாகச் சுற்றுவார். எம்.ஐ.டி.யில் ஜான் பெல்ச்சர் 2001-ல் முதலாண்டு இயற்பியலுக்கு இதைக் கொண்டுவந்தார். முதலில் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. "எங்களுக்குப் பழைய லெக்சரே போதும்" என்று 2003-ல் கையெழுத்துப் போட்டு மனுவே கொடுத்தார்கள். பெல்ச்சர் விடவில்லை, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், குழுக்களைக் கலந்து போட்டார். தோல்வி விகிதம் பாதிக்கும் கீழே போனது. பெஞ்சுகளை எல்லாம் கரும்பலகையைப் பார்த்து ஆணி அடித்து வைத்திருக்கும் நம் அறைகளில், பின்னால் திரும்பிப் பேசினால் "அங்க என்னய்யா பேச்சு?" என்றுதானே குரல் வரும்.

இடித்த கொட்டகையின் நினைவாக ஒரு காலப்பேழை ஸ்டாட்டா மையத்தில் லிஃப்ட் பக்கத்தில் இருக்கிறது. 2053-ல் திறப்பார்களாம்.

நம் கட்டடத்துக்கு வருகிறேன். நமக்கு 30 கோடி டாலர் இல்லை. கெரியும் வேண்டாம். நான் செயலாளரிடம் கேட்டது மூன்றே விஷயம். இயற்பியலும் வேதியியலும் ஒரே மாடியில், ஒரே வராந்தாவில் இருக்கட்டும். வராந்தாவை ஆறடிக்குப் பதில் பத்தடி ஆக்கி, சுவர் ஓரமாக ஒரு சிமெண்ட் பெஞ்சும் அதற்கு மேலே ஒரு கரும்பலகையும். கம்பிக் கதவு வேண்டுமென்றால் கீழே வாசலில் ஒன்று போதும்.

"இஞ்சினியரைக் கேட்கணும் சார், சதுர அடி கூடும்" என்றார். கூடட்டும். கூடுகிற செலவில் என் பங்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெயர்ப்பலகை வேண்டாம், மிஸ்டர் ஸ்மித் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். வெற்றிடக் குழாய்த் தோழனும் தருவதாகச் சொல்லியிருக்கிறான். "அந்தக் கதவு இல்லேன்னு எழுதிக் கொடு, அப்புறம் செக் அனுப்புறேன்" என்கிறான்.

வரைபடம் விழா அன்று அரங்க வாசலில், பதிவு மேசைக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும். முதல் மாடியில் பென்சிலால் நான் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அதுதான் பெஞ்சு. இப்போது படிக்கிற பிள்ளைகளும் ஒரு பென்சில் கொண்டுவாருங்கள். இஞ்சினியர் மதியம் மூன்று மணிக்கு வருகிறார்.